கணினிக்குத் தெளித்த தீர்த்தம்

கொலின்ஸின் ஸ்ரூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நிறஞ்சனா, போன மாதம் சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வேலை அவளுடையது, பெயர் மட்டும் கொலின்ஸுடையது. அதுதான் சண்டை.

வந்த கையோடு, கோயில் திருவிழா வீடியோவைத் தொகுக்கும் வேலையைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கினாள். ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் போட்டுக் காட்டவேண்டும். முடியாவிட்டால் வேலை கொலின்ஸுக்குப் போய்விடும்.

வீட்டுக் கணினியோ டிரோன் படத்தைக் கண்டாலே மூச்சு வாங்கும். புதிய கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டாள். ஊர்வலத்தில் தூக்கிவரும் புனிதரின் சுருவம் கோயில் வாசலைத் தாண்டும் இடத்தில் கணினி பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அணைந்தது.

"பொம்பிளையள் படத்தை வெட்டலாம் தங்கச்சி, பெட்டியைத் திறக்கக்கூடாது" என்று வேலிக்கு வெளியே நின்று சிரித்தான் கொலின்ஸ்.

நிறஞ்சனா யோசித்தாள். புதுக் கார்ட் கேட்கிற மின்சாரத்தைக் கொடுக்கப் பழைய பவர் சப்ளைக்குத் திராணியில்லை. வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். பெரிதாக ஒன்று வாங்கிவந்து பூட்டினாள். மூடிக்கு ஆணி எடுக்க உள்ளே போய் வந்தவள் அலறிவிட்டாள்.

அம்மா சுசிலா கையில் சின்னப் போத்தலோடு நின்றார். அப்பாவின் படகுக்குப் புது எஞ்சின் பூட்டும்போதெல்லாம் தெளிக்கிற அதே தீர்த்தம். திறந்து கிடந்த பெட்டிக்குள் தாராளமாகவே தெளித்திருந்தார்.

"என்னம்மா செய்தனீங்கள்?"

"புதுசாப் பூட்டினாத் தெளிக்கிறதுதானே பிள்ளை. அப்பான்ரை எஞ்சின் இண்டைக்கும் ஓடுது!"

"அது கடல்லை நனையிற சாமான். இது நனைஞ்சாச் செத்துப்போம்!"

நல்லகாலம், வயரைச் சுவரில் செருகியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, ஈரம் போகும்வரை மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தாள். அதற்குள் கதை கரை முழுக்கப் பரவிவிட்டது.

சனிக்கிழமை அவள் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கும்போது கொலின்ஸ் வந்தான்.

"பெட்டிக்கு அடக்கம் எத்தினை மணிக்கு மாமி?"

சுசிலாவின் கண் கலங்கியது.

"வீடியோவை என்னட்டைத் தா தங்கச்சி. நீயும் திரும்பி வா. ஸ்ரூடியோவிலை நீ இருந்த கதிரை அப்பிடியே கிடக்குது."

"கதிரையை வித்துப்போடுங்கோ அண்ணை." நிறஞ்சனா வயரைச் சுவரில் செருகினாள். "அம்மா, இங்கை வாங்கோ. சுவிச்சை நீங்கள் அமத்துங்கோ."

"ஐயோ, நான் மாட்டன். என்ரை கை பட்டுத்தானே..."

"கெட்டாலும் என்ரை சாமான். ஆர் என்னத்தைக் கதைச்சாலும் நீங்கள்தான் அமத்துறீங்கள்."

சுசிலா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அமத்தினார். விசிறிகள் சுழன்றன. திரையில் சுருவம் அசைந்து வந்தது. கோயில் வாசல். கொலின்ஸ் கழுத்தை நீட்டினான். சுருவம் வாசலைத் தாண்டியது. தெருவால் வந்து கடற்கரை மணலில் இறங்கியது. படகுகள் வரிசையாய்த் தெரிந்தன. கணினி அணையவில்லை.

"நிண்டு முழுக்கப் பாத்திட்டுப் போங்கோ அண்ணை" என்றாள்.

அவன் நிற்கவில்லை.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. கொலின்ஸ் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். படம் முடிய இரண்டு வரிகள் பெரிதாக எழுந்தன:

படத்தொகுப்பு: சூ. நிறஞ்சனா
தீர்த்தம்: சூ. சுசிலா

முதலில் பங்குத்தந்தைதான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்துக் கைதட்டியது. சுசிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மகளின் முதுகில் ஒன்று போட்டார்.