மூன்று மணி நெடி

1958 மே மாதக் கடைசியிலிருந்து, மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் காத்தாயி வீட்டு அடுப்பில், விறகும் இல்லாமல் நெருப்பும் இல்லாமல், தினமும் பகல் மூன்று மணிக்கு மிளகாய் கருகியது. சரியாகக் கால் மணி நேரம். புகை ஓட்டு இடுக்கால் எழும்பி, ரயில் பாதையைத் தாண்டி, பதுர்தீனின் தேநீர்க் கடை வரைக்கும் போகும். ஆடுகள் தும்மும். கண்டியிலிருந்து வரும் ரயிலில் ஜன்னலோரம் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் வாரம் ஊர் பயந்தது, இரண்டாம் வாரம் திட்டியது. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மணிக்கு முன்னாலேயே காயப்போட்ட துணிகளை எடுத்துவிடப் பழகிக்கொண்டது.

அது எந்தக் கடை மிளகாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காத்தாயியின் கணவன் சுந்தரலிங்கம் கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு செத்தல் மிளகாய் மொத்தக் கடையில் பதினொரு வருஷம் சரக்கறைக்காரனாக இருந்தவன். தமிழர்களைத் தேடித் தாக்கிய அந்த மே மாதக் கலவரத்தின்போது ஒருநாள் பகல் மூன்று மணிக்கு அந்தக் கடையும் நூற்று நாற்பது மூட்டை மிளகாயும் அவனும் சேர்ந்து எரிந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சரக்கறைக்காரரின் கவனக்குறைவால் விளக்கு கவிழ்ந்து தீப்பற்றியதாக விசாரணையில் தெரியவந்துள்ளது என்று அதில் டைப் அடித்திருந்தார்கள். பட்டப்பகல் மூன்று மணிக்கு எந்த மடையன் விளக்கு ஏற்றுவான் என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒரு பியூன்கூட இல்லாமல் போய்விட்டான். ஊரில் பெட்டிஷன் எழுதிக் கொடுப்பவர் பதுர்தீன்தான். அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் காத்தாயி, கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் நானா," என்றாள். "அவரே கொளுத்திக்கிட்டு செத்தாருன்னு எழுதியிருக்காங்கல்ல, அதை அழிச்சிட்டு நடந்ததை எழுதச் சொல்லுங்க."

பதுர்தீன் எழுதினார். பதில் வந்தது, தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. உரிய பிரிவு அதை இன்னொரு உரிய பிரிவுக்கு அனுப்பியது. அடுத்த வருஷம் ஒரு பிரிவு, இறந்தவரின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை இணைத்து அனுப்பும்படி கேட்டது. உயிரோடு இருந்தபோது பத்து வருஷம் அலைந்தும் கிடைக்காத பத்திரத்தைச் செத்தவன் எங்கே போய் வாங்குவான்? நடுவில் யாரோ புகையைப் பற்றி மொட்டைக் கடிதம் போட, சுகாதாரப் பரிசோதகர் வந்து இருமி இருமிப் புகைபோக்கி கட்டச் சொன்னார். காத்தாயி இருந்த ஒரு சோடித் தோட்டையும் விற்றுக் கட்டினாள். புகை அதைச் சட்டையே செய்யாமல் வாசல் வழியாகப் போனது. பரிசோதகர் குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று எழுதிவிட்டார்.

1960 தேர்தலுக்கு ஒரு துணை மந்திரி மாத்தளைப் பக்கம் வந்தார். கலவர நாட்களில் கொழும்பில் பொலிஸுக்கு உத்தரவு போடும் இடத்தில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். குறைகளை நேரில் கேட்பதாக அறிவித்திருந்ததால், பதுர்தீன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் காத்தாயி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் உள்ளே நுழையவும் மணி மூன்று அடிக்கவும் சரியாக இருந்தது. புகை கிளம்பியது. கூட வந்த பொலிஸ்காரர்கள் தொப்பியால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஊர் அதிகாரியான விதானையார் வாந்தி எடுத்தார். துணை மந்திரி மட்டும் வெள்ளை வேட்டி கலையாமல் அடுப்பின் பக்கத்தில் நின்று, நாட்டின் ஒற்றுமை பற்றி ஏழெட்டு நிமிடம் பேசினார். ஒரு செருமல்கூட இல்லை. புகையைப் பற்றிக் கேட்டதற்கு, எந்தப் புகை, இங்கே ஒரு நெடியும் இல்லையே என்றார். அவருடைய செயலாளர் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஒழுக அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

கண்ணூறு பட்ட பிள்ளைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. நெடி கமறினால் ஒன்றுமில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறது. எவ்வளவு மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை என்றால்தான் அதன்மேல் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இது காத்தாயிக்கும் தெரியும், பக்கத்து வீட்டு நாச்சியாவுக்கும் தெரியும், வாந்தி எடுத்த விதானையாருக்கும் தெரியும். துணை மந்திரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

அதிலிருந்து ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், மூன்று மணிக்குக் காத்தாயி வீட்டில் தேநீர் குடிக்கச் சொல்வது ஊர் வழக்கமாகிவிட்டது. 1965 தேர்தலில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்கு அந்த நேரம் பார்த்து அலுவிகாரையில் அவசர வேலை வந்தது. மூன்றாமவர் வந்து, வயிறு நோக இருமி, உக்குவளை ஓட்டுகளையெல்லாம் வாங்கி, மொத்தத்தில் தோற்றார். துணை மந்திரியோ முழு மந்திரியாகியிருந்தார். பிரஜாவுரிமை இல்லாத காத்தாயிக்கு ஓட்டும் இல்லை, கடிதத்தில் அந்த வரி அழியவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு பெட்டிஷன் போட்டுக்கொண்டிருந்தாள். எழுதி எழுதிப் பதுர்தீனுக்கு அலுத்துவிட்டது. அவளுக்கு அலுக்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. எரிச்சல் வரும் நாளெல்லாம் அடுப்பை இன்னொரு தரம் மெழுகுவாள்.

1967இல் குடையும் கையுமாக ஒரு வயதான மனிதர் ரயிலில் வந்து இறங்கி வீடு விசாரித்தார். பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு சிங்களம். காத்தாயிக்கு அந்தப் பாஷை நன்றாகத் தெரியும். அவர் ரயிலில் பல தடவை இந்தப் பக்கம் போயிருந்தாராம். மூன்று மணிக்குப் பெட்டியே இருமும்போது, தனக்கு மட்டும் ஒன்றும் செய்யாததைக் கவனித்தாராம். பதுர்தீனும் கூட இருந்தார். மணி மூன்றானது. மற்ற இரண்டு பேருக்கும் கண் கரித்தது. வந்தவர் பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"நாங்க பொலிஸ்காரங்க பதினோரு பேர் கடைக்கு எதிர்ப்பக்கம் லொறியில இருந்தோம் அம்மா. கும்பல்ல வந்தவங்க கதவுக்கு வெளியில பூட்டுப் போட்டாங்க, பார்த்துக்கிட்டு இருந்தோம். இறங்க வேணாம்னு மேலயிருந்து போன்ல சொல்லியிருந்தாங்க. உள்ள விளக்கெல்லாம் இல்ல. அவர் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாரு."

தட்டிக்கொண்டே இருந்தார் என்றதும் அவருக்கு இருமல் வந்தது. ஒன்பது வருஷத்து இருமல். பலகையிலிருந்து சரிந்து தரையில் கையூன்றி இருமினார். காத்தாயிக்கு அவரை அடுப்புக்குள் தள்ள வேண்டும் போலவும் இருந்தது, முதுகைத் தடவிவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவர் சொன்னதைப் பதுர்தீன் சிங்களத்திலேயே எழுத, வந்தவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதன் ஒரு பிரதி கொழும்புக்குப் போனது. உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது.

மறுநாள் மூன்று மணிக்குப் புகை நின்றுவிடும் என்று பாதி ஊர் வந்து வாசலில் நின்றது. நிற்கவில்லை. ஆனால் பதுர்தீன் தன் கைக்கடிகாரத்தில் பார்த்தபோது, கால் மணி நேரத்தில் ஒரு நிமிடமும் கொஞ்சமும் குறைந்திருந்தது. ஊர் அதை ஏற்றுக்கொண்டு, துணி எடுக்க வீட்டுக்குப் போனது.

அந்த வாரமே காத்தாயி மாத்தளைக்குப் போய்ப் பத்து டம்ளர் வாங்கிவந்தாள். தினமும் மூன்று மணிக்கு முன்னால் அவற்றில் தண்ணீர் ஊற்றி, மூடி, பலகையில் வரிசையாக வைத்தாள். வரிசையின் கடைசியில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. லொறியில் மிச்சம் பத்துப் பேர்தானே, செம்பு எதற்கு என்று பதுர்தீன் கேட்டார்.

"அது போன்ல சொன்னவருக்கு, நானா," என்றாள் காத்தாயி. "அவருக்கு இருமல் நெறைய வரும்."