முன்மாதிரிக் குடும்பம், கதவு எண் பதினான்கு

இதனால் மஹல்லா எனப்படும் இப்பேட்டையின் வாசிகள், வழிப்போக்கர்கள், தர்பூசணி வண்டிக்காரர்கள் உள்ளிட்ட சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மே மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தாஷ்கண்ட் மாநகரம், வாதுமைத் தெரு, பதினான்காம் எண் வீட்டு வாசற்கதவில், மருமகளைப் படிக்க வைத்துப் பெண்குலத்துக்கு வழிகாட்டிய பெருஞ்செயலைப் பாராட்டி, 'பெண் கல்வியைப் போற்றும் முன்மாதிரிக் குடும்பம்' என்ற பலகை நான்கு திருகாணிகளால் பொருத்தப்படும். மனிதகுல வரலாற்றில் இதற்கு ஈடான இன்னொரு நாள் வந்ததாக மஹல்லா அலுவலகத்தில் பதிவு எதுவும் இல்லை.

அதே வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த மருமகளுக்குப் பரீட்சை.

"ஓயி, பத்து மணிக்குள்ளயாவது நான் கிளம்பியாகணும், அரை மணி லேட்டுக்கு மேல உள்ள விட மாட்டாங்க" என்றாள் மொஹிரா. விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கையில் துடைப்பம். தெருவுக்குத் தண்ணீர் தெளித்துப் பெருக்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த மருமகள், அதாவது கெலின், பெற்ற தாயைப் போலவே மாமியாரையும் 'ஓயி' என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள்.

மாமியார் முகத்தஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வாசற்கதவில் அளவுநாடாவைப் பிடித்து, ஆணி விழவேண்டிய நான்கு இடங்களையும் குறித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகப்போவுது? பலகை குடுக்கிற கமிஷன்காரங்க ஒம்போதுக்கு வருவாங்க. ஒரு வாய் டீ குடிப்பாங்க. நாலு ஸ்க்ரூ. முடிஞ்சுது."

"லேட்டாச்சுன்னா என்ன பண்றது? போன வருஷமே எழுத முடியல. இது ரெண்டாவது தடவை. இதையும் விட்டா பேரையே எடுத்துருவாங்க, ஓயி."

"கமிஷன் யாருக்காக வருது? எனக்காகவா? உனக்காகத்தானே? படிக்கிற கெலினைப் பாக்க வர்றவங்ககிட்ட, கெலின் படிக்கப் போயிட்டான்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவேன்?"

இந்த வாதத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருக்க வேண்டும் என்று மொஹிராவுக்குத் தோன்றியது. இரண்டு வருடம் சட்டம் படித்தவள். தேடினாள். கிடைக்கவில்லை. குப்பையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முகத்தஸ் சாதாரணப் பெண்மணி அல்ல. மஹல்லாவின் மகளிர் நலப் பொறுப்பாளர். செவ்வாய்க்கிழமைதோறும் சிவப்பு உறை போட்ட நோட்டுப் புத்தகத்துடன் வீடுவீடாகப் போய், மற்ற மாமியார்களிடம் மருமகளைப் படிக்க வையுங்கள் என்று அழுத்தமாக எடுத்துச் சொல்வாள். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் அவள் சட்டைக்கு இஸ்திரி போடுவதற்காக மொஹிரா முதல் வகுப்பைத் தவறவிடுவது வழக்கம்.

அந்த வகுப்பு நடக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடல் தாண்டிய ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகம் தாஷ்கண்டில் ஒரு வளாகம் திறந்திருந்தது. பாடம் ஆங்கிலத்தில், சட்டம் ஆங்கிலேயர்களுடையது, பட்டமும் அங்கிருந்தே வரும். கட்டடம் மட்டும் மெட்ரோவில் நான்கு நிறுத்தம் தள்ளி இருந்தது. "எங்க கெலின் லண்டன்ல படிக்கிறா" என்று முகத்தஸ் சொல்வதைக் கேட்டுத் தெருவே வியந்தது. அந்த லண்டன்காரி தினமும் காலையில் தங்கள் தெருவைப் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டுதான் வியந்தது.

நிச்சயதார்த்தத்தில் ரொட்டியைப் பிட்ட அன்று, நாற்பது பெண்கள் சாட்சியாக, "படிப்பை முடிக்க விடுவேன், இது என் வாக்கு" என்று முகத்தஸ் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போன வருடம் ஏப்ரல் கடைசியில் கல்யாணம். மே மாதம் ஒப்பந்தச் சட்டப் பரீட்சை வந்தபோது கல்யாணமாகி இருபத்து மூன்று நாள். நாற்பது நாள் கழியாமல் புதுப்பெண் வாசற்படி தாண்டக்கூடாது. வாக்கு கொடுத்தபோது இந்தக் கணக்கு யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த ஒப்பந்தச் சட்டத்தை இந்த வருடம் மறுபடி படித்தபோதுதான் மொஹிரா ஒரு வழக்கைப் படித்தாள். நூறு வருடத்துக்கு முன்பு இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஓர் ஆங்கிலேயன், உடம்பு சரியில்லாத மனைவியை ஊரில் விட்டுவிட்டு, மாதாமாதம் செலவுக்கு அனுப்புகிறேன் என்றான். பிறகு நிறுத்திவிட்டான். அவள் கோர்ட்டுக்குப் போனாள். கணவனும் மனைவியும் வீட்டுக்குள் கொடுத்துக்கொள்ளும் வாக்கு ஒப்பந்தம் ஆகாது, அதற்குள் சட்டம் நுழையாது என்று தீர்ப்பு. வகுப்பில் வாத்தியார் இதைச் சொன்னபோது மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். மொஹிரா எடுக்கவில்லை. எழுதி வைத்து மனப்பாடம் செய்ய அதில் அவளுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

அவள் வந்த புதிதில் நடந்த ஒரு கதை அந்த வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளியின் பியாலாக் கிண்ணத்தில் டீயைப் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. பாதி ஊற்றினால் 'இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றித் தருகிறேன்' என்று பொருள். விளிம்புவரை ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு' என்று பொருள். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஒருநாள் சட்டப் புத்தக ஞாபகத்தில் மொஹிரா கணவனின் பெரியப்பாவுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றிவிட்டாள். கிழவர் கிண்ணத்தைத் தொடவில்லை. எழுந்தார், தொப்பியை மாட்டினார், செருப்பைத் தேடினார். முச்சந்திவரை ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். "லண்டன் டீ!" என்று நாத்தனார்கள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கமிஷன் வரவில்லை. ஒன்பதேகாலுக்கும் வரவில்லை. அட்லஸ் பட்டு உடுத்தி, தலையில் வெள்ளை முக்காடு போட்டு, மொஹிரா சமையலறை வாசலில் நின்றாள். புத்தகப் பை அடுப்புக்குப் பக்கத்தில், வெங்காயக் கூடைமேல் தயாராக இருந்தது. கணவன் சஞ்சார் துளைபோடும் இயந்திரத்தின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"பத்தரைக்கு மேல ஹாலுக்குள்ள விட மாட்டாங்க" என்றாள் அவள். "பத்து மணிக்கு மெட்ரோ புடிச்சாத்தான் உண்டு."

"அம்மாகிட்ட நான் பேசறேன்."

"எப்ப?"

"பேசறேன்னு சொல்றேன்ல." அவன் ஒரு வருடமாகப் பேசப்போகிறான். தப்பு சொல்ல முடியாது. நல்ல பையன், குரலை உயர்த்தியதே இல்லை, முக்கியமாகத் தாயிடம்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் தூர்சுன்பாய், சட்டைப்பையில் மூன்று பேனா. அவருக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள், ஒரு அம்மாள், ஒரு புகைப்படக்காரர். மொஹிரா நெஞ்சில் கைவைத்து ஒவ்வொருவருக்கும் மும்முறை குனிந்தாள். பதினைந்து வணக்கம். எண்ணிக்கொண்டே குனிந்தால் முதுகு வலிப்பது தெரியாது என்று அவள் எப்போதோ கண்டுபிடித்திருந்தாள்.

"இதாம்மா கெலின்? மாஷா அல்லா! லண்டன்ல படிச்சும் எவ்வளவு அடக்கம், பாருங்க!" என்றார் தூர்சுன்பாய்.

"நம்ம வளர்ப்பு, அண்ணா" என்றாள் முகத்தஸ்.

உலர்ந்த ஆப்ரிகாட், கற்கண்டு, சமோசா, வட்டரொட்டி எல்லாம் விரிப்பில் பரந்திருந்தன. மொஹிரா பாதிப் பாதியாக ஊற்றினாள். தூர்சுன்பாய் தொண்டையைச் செருமினார். சொற்பொழிவு தொடங்கிவிட்டது.

பெண் என்பவள் வீட்டுக்கு விளக்கு. கல்வி என்பது விளக்குக்கு எண்ணெய். மாமியார் என்பவள் அந்த எண்ணெயைக் காக்கும் பாத்திரம். இந்த விளக்கு கால் மணி நேரம் எரிந்தது. ஓர் அதிகாரி தலையாட்டினார், மற்றவர் சமோசா தின்றார். மொஹிரா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பதற்றமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு தாடை கிடப்பதுபோல் உள்ளே ஏதோ கிடந்தது, அவ்வளவுதான்.

"சரி, கெலினே ஒரு வார்த்தை சொல்லட்டும். சட்டத்துல பொம்பளைக்கு என்னம்மா உரிமையெல்லாம் இருக்கு?"

மொஹிரா வாயைத் திறந்தாள்.

"வெக்கப்படுறா" என்றாள் முகத்தஸ்.

"அதான் அழகு!" என்றார் தூர்சுன்பாய், காலிக் கிண்ணத்தை நீட்டியபடி.

மணி பத்தாக ஐந்து நிமிடம். மொஹிரா கெண்டியைச் சாய்த்தாள். டீ பாதிக்கு வந்தது, கை நிற்கவில்லை. முக்காலுக்கு வந்தது. விளிம்பைத் தொட்டு, ஒரு சொட்டு வழிந்து, அவருடைய கட்டைவிரலை நனைத்தது. இரண்டு கையாலும் கிண்ணத்தை மரியாதையாக அவர் முன்னால் வைத்தாள்.

சமோசா தின்றவர் மெல்வதை நிறுத்தினார். முகத்தஸின் முகத்தில் இரத்தம் இல்லை. வாசலில் துளைபோடும் சத்தம் மட்டும் கேட்டது.

தூர்சுன்பாய் கிண்ணத்தைப் பார்த்தார். அதன் பொருள் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொற்பொழிவில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது, படம் எடுக்கவில்லை, முக்கியமாக, பின்கட்டிலிருந்து ஆட்டுக்கறிப் புலாவின் மணம் வந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா!" என்றார். "படிச்ச பொண்ணு, அளவு பாக்காம ஊத்துது! என்ன தாராள மனசு!"

எல்லோரும் ஒரே மூச்சில் சிரித்தார்கள். அவர் ஒரு உறிஞ்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

மொஹிரா அவருக்கும் மற்ற நால்வருக்கும் விளிம்புவரை ஊற்றினாள். கெண்டி காலி. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் அவள்தான். சமையலறைக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து வாசற்கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தொறக்காத, மொஹிரா!" என்று வெளியிலிருந்து சஞ்சார் கத்தினான். "மூணாவது ஸ்க்ரூ போட்டுட்டிருக்கேன். கதவு அசைஞ்சா பலகை கோணிக்கும்!"

"எனக்கு நேரமாச்சு."

"ரெண்டே நிமிஷம்மா. கோணிக்கிச்சுன்னா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

அவள் நின்றாள். கதவின் மறுபக்கம் இரும்பு மரத்துக்குள் இறங்கும் சத்தம் அவள் உள்ளங்கைவரை வந்தது. தள்ளியிருக்கலாம். கதவு ஒன்றும் பூட்டியிருக்கவில்லை. பிறகு பல நாள் அவள் அதை யோசித்துப் பார்த்தாள்: தள்ளியிருக்கலாம். அப்போது அந்தக் கை அவளுடையதுபோலவே இல்லை.

நான்காவது ஆணி வழுக்கியது. மறுபடி போட்டான். கதவு திறந்தபோது அவளுக்குப் பின்னால் கமிஷன் முழுவதும் வந்து நின்றிருந்தது.

"அடடா, பையோடயே நிக்குதே! அப்படியே நில்லும்மா!" புகைப்படக்காரர் தெருவுக்கு ஓடினார். "பலகைக்குக் கீழ. வலது காலை முன்னால வை. படிக்கக் கிளம்புற மாதிரி."

"சிரிம்மா" என்றார் தூர்சுன்பாய்.

முதல் படத்தில் முகத்தஸ் கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவதில் தலைவரின் தலையை வெயில் வெளுத்தது. ஐந்தாவது படம் சரியாக வந்தது. மணி பத்து இருபத்தெட்டு.

"இப்ப போ கண்ணு, போ. தலைபோற அவசரம்னியே" என்றாள் முகத்தஸ், எல்லோரும் கேட்கும்படி, கனிவாக.

மொஹிரா உள்ளே போய்க் கெண்டியில் வெந்நீர் ஊற்றினாள்.

மத்தியானம் வகுப்புத்தோழி ஐகெரிமிடமிருந்து செய்தி வந்தது: "எங்கடி போய்த் தொலைஞ்ச? மூணாவது கேள்வி உன் இலங்கைக்காரன். நீ இருந்தா அள்ளியிருப்ப." மொஹிரா அதை இரண்டு முறை படித்துவிட்டு வெங்காயம் நறுக்கினாள். கண்ணீர் வெங்காயத்துக்கு வந்ததுதான்.

ஒரு வாரம் கழித்துப் பல்கலைக்கழகம் ஒரு படிவம் அனுப்பியது. வராத காரணத்துக்கு அதில் மூன்று கட்டங்கள்: நோய், விபத்து, நெருங்கிய உறவினர் மரணம். மூன்றாவது கட்டத்தின்மேல் மொஹிராவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மூடிவைத்தாள். ஜூலையில் பெயரை எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. மிக மரியாதையான ஆங்கிலம்.

"லண்டன்காரனுக்கு நம்ம மரியாதை என்ன தெரியும்?" என்றாள் முகத்தஸ். "விடு. அதுக்காகப் பலகையக் கழட்டவா சொல்லுவாங்க?"

யாரும் சொல்லவில்லை. படம் மாவட்டப் பத்திரிகையில் வந்தது, 'கல்விக்குப் புறப்படும் மருமகள்' என்ற தலைப்போடு. முகத்தஸ் அதைக் கத்தரித்துச் சிவப்பு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் வீடுவீடாகக் காட்டினாள். மொஹிராவின் காலை வேலையில் ஒன்று கூடியது: தெரு பெருக்கிய பிறகு ஈரத்துணியால் பலகையைத் துடைக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. தினமும் காலை மாமியாருக்கு டீ ஊற்றும்போது மொஹிரா கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, இரண்டு கையாலும் மரியாதையாக வைக்கிறாள். முதல்நாள் முகத்தஸ் நிமிர்ந்து பார்த்தாள். மருமகளின் முகத்தில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. திட்டினால் எதற்காகத் திட்டுகிறாள் என்று வாயால் சொல்லவேண்டி வரும். அவள் வீட்டிலேயே அவளைப் போகச் சொல்லும் அந்த டீயை முகத்தஸ் சத்தமில்லாமல் குடிக்கிறாள். ஒரு சொட்டு எப்போதும் விரிப்பில் சிந்துகிறது. அந்த விரிப்பையும் மொஹிராதான் துவைக்கிறாள்.

பலகை வெயிலில் நன்றாகப் பளபளக்கிறது. 'பெண் கல்வியைப் போற்றும் முன்மாதிரிக் குடும்பம்' என்ற எழுத்துகளைத் தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

அந்த வீட்டில் படிக்கிறவர்கள் யாரும் இல்லை.