குதிகாலில் எட்டுத் துணுக்கு

தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து முடித்த பிறகுதான் ஆதாரம் தேடி ஆய்வகத்துக்கு வந்தார் இன்ஸ்பெக்டர். கடிகாரக் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்துத் திருடியவனைப் பன்னிரண்டே மணி நேரத்தில் பிடித்ததாக ஊரெல்லாம் மார்தட்டியாகிவிட்டது. பிடிபட்டவன் ஒரு பெயின்டர். அவன் ஷூவில் கடைக் கண்ணாடி ஒட்டியிருந்ததாக அறிக்கை வந்தால் சிறை. வராவிட்டால் நாளைக் காலை கோர்ட் அவனை விட்டுவிடும்.

அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவளை ஆய்வகத்தில் எல்லோரும் ‘கண்ணாடி அக்கா’ என்பார்கள். பதினெட்டு வருஷமாக மணலைவிடச் சிறிய துணுக்குகளோடு மல்லுக்கட்டுகிறவள். பேட்டி கொடுக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

“என்னம்மா, இன்னுமா உருட்டிக்கிட்டு இருக்கீங்க? கண்ணாடி இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார். எட்டுத் துணுக்கு. கடைக் கண்ணாடியோட ஒத்துப்போகுது.”

இன்ஸ்பெக்டரின் மீசை அரை அங்குலம் உயர்ந்தது. “நான்தான் சொன்னேன்ல!”

“ஆனா எட்டும் ஷூவுக்கு உள்ளே, குதிகால் வைக்கிற இடத்துல கிடக்கு. அடியில ஒண்ணுகூட இல்ல. ஷூவை எதுல வச்சுக் கொண்டுபோனீங்க? பையிலயா?”

“பையாவது கிய்யாவது! கடையிலேருந்து நேரா அவன் வீடு. ஷூவைத் தூக்கி ஜீப்புல என் காலுக்கடியில போட்டேன். ஸ்டேஷன் வர்ற வரைக்கும் பூட்ஸை அதுமேலயே வச்சிருந்தேன். ஒரு பய தொட்டிருக்க முடியுமா?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உட்காந்து காலைத் தூக்குங்க.”

“யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?”

“நல்லாத் தெரியுது. காட்ட மாட்டேன்னு சொன்னார்னு எழுதிடவா?”

கால் உயர்ந்தது. பூட்ஸின் வரிப்பள்ளங்களிலிருந்து இடுக்கியால் இருபத்துமூன்று துணுக்குகளை எடுத்தாள். சோதித்ததில் அத்தனையும் கடைக் கண்ணாடி.

“இதை எழுதினா, நாளைக்கே உன்னைத் தூக்கியடிப்பேன்,” என்றார். மரியாதை காணாமல் போயிருந்தது.

“தாராளமா. இதை அனுப்பிட்டுக் கிளம்புறேன்.” அவர் முன்னாலேயே எழுதினாள்: ‘ஷூவில் கிடைத்த துணுக்குகள் காவல் அதிகாரியின் காலணியிலிருந்து உதிர்ந்திருக்கக்கூடும். இவற்றை வைத்து எதையும் சொல்ல இயலாது.’

மறுநாள் மதியம் பெயின்டர் ஆய்வக வாசலில் வந்து நின்றான். கும்பிடப் போகிறான் என்று நினைத்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“என் ஷூ எங்க?”

“கேஸ் முடியிற வரைக்கும் தர முடியாதுப்பா.”

“ஒருத்தன் உள்ள தள்ளுறான், இன்னொருத்தி ஷூவைப் புடுங்குறா. நல்லா இருப்பீங்க!” என்று படியில் துப்பிவிட்டுப் போனான்.