திரும்பி வந்த உலோஸ்

மங்கத்தாஸ் தன் சம்பந்திக்கு உலோஸ் என்கிற சடங்குச் சால்வையைப் போர்த்திய மத்தியானத்திலிருந்து எங்கள் ஊர் ஓடை தோபா ஏரியிலிருந்து மலைமேல் ஏறிப் பாய்கிறது. ஆரம்பத்தில் வாத்துகள் சிரமப்பட்டன; இப்போது பழகிவிட்டன.

போர்த்தியதில் கெட்ட எண்ணம் கிடையாது. பெண்ணின் அப்பா சாபுங்கான் கல்யாணத்துக்குப் படகில் வரும்போது நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. பந்தலில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல் மாப்பிள்ளையின் அப்பா மங்கத்தாஸ் தன் தோளில் கிடந்த உலோஸை எடுத்து, "சளி பிடிச்சிரும் சம்பந்தி, போத்திக்கங்க" என்று சுற்றிவிட்டார். மேளம் நின்றுபோனது. உலோஸ் பெண் கொடுத்தவர் கையிலிருந்து பெண் எடுத்தவர் தோளுக்கு இறங்கலாமே தவிர ஏறக் கூடாது என்பது தறிப்பக்கமே போகாத ஆண்களுக்கும் தெரியும். மங்கத்தாஸுக்கும் தெரியும். கை முந்திக்கொண்டது, அவ்வளவுதான். விருந்துப் பன்றியின் மரியாதைப் பங்கு இனி யார் தட்டுக்குப் போவது என்று புரியாமல் இரு தரப்பும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டே இருந்ததில் கறி ஆறி, கடைசியில் நாய்கள் முடிவு செய்தன.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் யாருக்குப் போர்த்தினாலும் உலோஸ் போர்த்தியவர் தோளுக்கே திரும்பியது. கண் இமைத்தால் அங்கே இருக்காது, இங்கே இருக்கும், மடிப்புக்கூடக் கலையாமல். இதோடும் காலம் தள்ளியிருப்போம். ஆனால் அந்தக் கல்யாணப் பெண் ரொத்துவா முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை சுமப்பவளுக்கு உயிரைக் காக்கும் 'உயிர் உலோஸை' அவள் அப்பா போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பிரசவ வலியில் அவள் உயிர் உடம்பை விட்டு வெளியே போய்விடும். முந்தின மழைக்காலத்தில் அப்படிப் போன ஒருத்தியைக் கரைமேட்டில் புதைத்திருந்தோம்.

பிரசவ நாள் நெருங்கியதும் ரொத்துவாவின் அம்மா இடுப்புத் தறியில் நெய்து கொடுத்த உலோஸோடு சாபுங்கான் வந்தார். போர்த்தினார், திரும்பியது. கயிற்றால் கட்டினார்கள். ரவிக்கையோடு தைத்தார்கள், தையல் மட்டும் ரவிக்கையில் நின்றது. மங்கத்தாஸ் மார்பில் அடித்துக்கொண்டு, "எல்லாம் என்னால. என்னை ஏரியில தள்ளுங்க" என்று அழுதார். மாமனாரோடு நேராகப் பேசக் கூடாது என்பதால் ரொத்துவா தூணைப் பார்த்துச் சொன்னாள்: "தள்ளினா ஓடையோட மேல ஏறி வந்துருவாரு. சும்மா இருக்கச் சொல்லு."

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "நீங்க போத்த வேணாம்ப்பா. நான் உங்களுக்குப் போத்துறேன். எனக்கே திரும்பி வந்துரும்ல?"

"மக கையால அப்பன் உலோஸ் வாங்குறதா? என் வம்சத்தையே தலைகீழாத் தொங்கவிடப் பாக்குறியா?" என்றார் சாபுங்கான்.

"தொங்கட்டும். உங்க பேரனை நான் நேராப் பெத்துக்கிறேன்."

அவர் கோபத்தோடு போய்ப் படகில் ஏறித் துடுப்பைக் கையில் எடுத்தார். போடவில்லை. அவமானம் பெரிதா, கரைமேட்டில் இன்னொரு குழி பெரிதா என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்குள்ளிருந்து முதல் அலறல் கேட்டதும் துடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஊரே பார்த்திருக்க, மகள் பாயின் முன்னால் மண்டியிட்டுக் கழுத்தைத் தாழ்த்தினார். வலிக்கு நடுவே அவள் போர்த்தினாள். வாழ்த்துவது போர்த்துகிறவரா, போர்த்திக்கொள்கிறவரா என்று எங்களுக்குக் குழம்பியது. அவரே வாய் திறந்தார்: "உன் உயிர் கெட்டியா நிக்கட்டும்மா." நாங்கள் கண் இமைத்தோம். உலோஸ் அவள் தோளில் இருந்தது. அங்கேயே நின்றது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

இப்போதெல்லாம் எங்கள் ஊரில் கொடுக்கிறவர் குனிகிறார், வாங்குகிறவர் போர்த்துகிறார். வெளியூர்க்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்கிறார்கள். மேல்வயல்காரர்கள் மலைமேல் ஓடையின் ஊற்றுவாயில் ஏரிக் கெண்டை பிடிக்கிறார்கள். சம்பந்திகள் இருவரும் யார் உயரத்தில் உட்காருவது என்று இன்னும் முடிவாகாமல் தரையிலேயே உட்கார்ந்து கள் குடிக்கிறார்கள். மழை நாளில் படகேறும்போது சாபுங்கான் கல்யாணத்தன்று மங்கத்தாஸ் போர்த்திய அந்த முதல் உலோஸைத்தான் போர்த்திக்கொள்கிறார். அது மட்டும் திரும்பிப் போகவே இல்லை. கதகதப்பாக இருக்கிறதாம்.