அது கைப்பிடி இல்லை

அத்தான் அந்த உடைந்த துண்டைக் கொண்டுவந்து அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் தட்டை ஒட்டி வைத்தார். கறுப்பு அக்ரிலிக் பிளாஸ்டிக் பட்டை. போன ஞாயிற்றுக்கிழமைதான் அதை அவருடைய காரின் கூரையில், சன்ரூஃபின் முன்விளிம்பில் ஒட்டிக் கொடுத்திருந்தேன். இப்போது நடுவில் விரிசல். ஒரு முனையைக் காணோம்.

"இன்ஜினியரம்மா கைவேலையைப் பாருங்க," என்றார். "ஓடிக்கிட்டிருக்கும்போதே காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பின்னால வந்தவன் மண்டையில விழுந்திருந்தா நான் இந்நேரம் கம்பி எண்ணிக்கிட்டிருப்பேன்."

நான் பகலில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். மாலையில் வண்டிகளின் மின்வேலை படிக்கிறேன். அந்த இரண்டாவது விஷயம் அத்தானுக்குத் தீராத வேடிக்கை.

"சரியாத்தான் ஒட்டினேன்," என்றேன். சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான்.

அக்கா தன் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆறு வயது. எங்களுக்கெல்லாம் அவள் சுண்டெலி. முகவாயில் பெரிய பிளாஸ்திரி. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான் செருப்பைக் கழற்றும்போதே அக்கா சொல்லியிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே.

அந்தப் பட்டை எதற்கு வந்தது என்று சொல்ல வேண்டும். சன்ரூஃபைத் திறந்து வேகமெடுத்தால் அந்தக் காருக்குள் மனிதன் உட்கார முடியாது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, கூரைத் திறப்பில் காற்று அதே வேலையைத்தான் செய்கிறது. பாட்டிலுக்குள் நாம் இருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். காதுக்குள் தம் தம் என்று இடிக்கும். அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் தலைவலி. மூடித் தொலையுங்கள் என்றால் அத்தான் கேட்கமாட்டார். "இதுக்குன்னே கூடக் காசு அழுதிருக்கேன். பூட்டி வெச்சு அழகு பாக்கவா?"

சத்தத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கார் என்னைக் கடந்து போனது. கூரைக்கு மேலே இடுப்பளவுக்குச் சுண்டெலி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அன்று வகுப்புக்குப் போகவில்லை. நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஒரே ஒரு பிரேக், குழந்தை ரோட்டில் கிடப்பாள் என்று கத்தினேன். அத்தான் முதலில் சிரித்தார், அப்புறம் முறைத்தார், கடைசியில் சுண்டெலியின் தலையில் கையை வைத்தார்.

"இவ மேல சத்தியம். இனிமே நிக்க விடமாட்டேன். போதுமா தாயே?"

நம்பினேன். வெறும் காற்றுக்காகத் திறக்கட்டும், இரைச்சல் இல்லாமல் திறக்கட்டும் என்றுதான் பட்டையை ஒட்டச் சம்மதித்தேன். அது காற்றை மேலே தள்ளிவிடும். திறப்புக்குள் விழ விடாது. கூரையைக் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நடுவை அளந்து காகித டேப்பால் குறி வைத்தேன். பட்டையைச் சும்மா வைத்து, கண்ணாடி திறந்து மூடும்போது இடிக்கிறதா என்று பார்த்தேன். இடிக்கவில்லை என்று தெரிந்தும் இன்னொரு முறை பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பசைப் பக்கத்துச் சிவப்புத் தாளை உரித்தேன். கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எடுத்த அன்று அக்கா போன் செய்தாள். "ஏய், நாங்க பேசறது எங்களுக்கே கேக்குதுடி!"

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். இப்போது தட்டுக்குப் பக்கத்தில் உடைசல்.

"சாவியைக் குடுங்க அத்தான். பாத்துட்டு வர்றேன்."

"பிரேதப் பரிசோதனையா? நல்லாப் பண்ணு," என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.

கார் வாசலில் நின்றது. கதவு விளிம்பில் ஏறிக் கூரையைப் பார்த்தேன். பசை முழுக்க விட்டுப் போயிருக்கும், இடம் மொழுமொழுவென்று இருக்கும் என்று பயந்துகொண்டே ஏறினேன். அப்படி இல்லை. பசைப்பட்டை கூரையிலேயே அப்படியே இருந்தது. அக்ரிலிக்தான் அதிலிருந்து உடைந்து போயிருந்தது. அதற்கு முன்னால் பெயிண்டில் ஒரு கீறல். பசையில் தொடங்கி, முன்கண்ணாடியை நோக்கிப் போயிருந்தது.

முன்கண்ணாடியை நோக்கி.

ஓடுகிற வண்டியில் காற்று எதையும் பின்னால்தான் தள்ளும். ஒருவேளை பிய்ந்த துண்டு பிரேக் போட்டபோது முன்னால் சறுக்கியிருக்குமோ? யோசித்துப் பார்த்தேன். கைக்கு எடையே தெரியாத துண்டு அது. சும்மா சறுக்கினால் பெயிண்ட் இப்படிக் கிழியாது. மேலே ஏதோ ஒரு பாரம் அழுத்தியிருக்க வேண்டும். இறங்கி முன்பக்கம் வந்தேன். காணாமல் போன முனை வைப்பருக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பற்றிய சந்தேகம் போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

சுண்டெலி வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"சித்தி, நீ செஞ்ச கைப்பிடி நல்லாவே இல்ல. நான் இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன். அதுவே உடைஞ்சுபோச்சு."

"யாரு அதைப் பிடிச்சுக்கச் சொன்னா?"

அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "நான் பாத்ரூம்ல விழுந்தேன்," என்றாள்.

உள்ளே போனேன். அத்தான் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். முனையை அந்த உடைசலோடு சேர்த்து வைத்தேன். பொருந்தியது.

"வைப்பருக்கு அடியில இருந்துச்சு. உங்க வீட்டுக் காத்து முன்னால பாத்து அடிக்குமா?"

"என்ன வக்கீல் மாதிரி பேசற?"

"சத்தியம் பண்ணீங்க. அவ தலையிலயே கை வெச்சுப் பண்ணீங்க."

"ஏய், ரெண்டே தெரு. உருட்டிக்கிட்டுத்தான் போனேன். நாய் குறுக்க வந்துடுச்சு. ஏத்திக் கொன்னுட்டுப் போகச் சொல்றியா?"

"நாய்க்கு இருக்கிற மரியாதை உங்க பொண்ணுக்கு இல்லையா?"

"வாயை அளந்து பேசு. உன் ஓட்டைப் பட்டை ஒழுங்கா நின்னிருந்தா அவளுக்கு அடியே பட்டிருக்காது!"

கைநீட்டிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கத்தாதடி," என்றாள் அக்கா. தட்டுகளை அடுக்கிக்கொண்டே, எங்களைப் பார்க்காமலே சொன்னாள். "நானும் வண்டியிலதான் இருந்தேன்."

"என்னது?"

"அவரு கேட்டாரு. நான்தான் சரின்னேன். முன்ன மாதிரி இல்லையே, இப்பப் பிடிச்சுக்க ஒண்ணு இருக்கேன்னு... நீ பாத்துப் பாத்து ஒட்டினதாச்சேன்னு நினைச்சேன்."

அத்தான் மேல் வந்த கோபம் எனக்குப் பழகியது. அக்கா மேல் வந்தது புதிது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும், நடுவை அளந்ததும், கட்டைவிரல் சிவக்க அழுத்தியதும் எல்லாம் சுண்டெலியை அங்கே நிறுத்தவா? கத்தினேன்.

"அக்கா, அது கைப்பிடி இல்லக்கா! பசையில நிக்கிற பிளாஸ்டிக்! காத்தைத் தாங்கும். மனுஷங்களைத் தாங்காது!"

அவள் பதிலுக்கு நிற்காமல் காருக்குப் போனேன். சன்ரூஃப் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கப் படத்தில் விரலை வைத்துச் சன்ரூஃபின் இடத்தைத் தேடினேன். கோபத்தில் வேறெதையாவது பிடுங்கிவிடக்கூடாது என்று இன்னொரு முறையும் தேடினேன். சன்ரூஃப் ஃப்யூஸைப் பிடுங்கினேன். விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது, கண்ணாடிகள் இறங்கி ஏறின. சன்ரூஃப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை.

அத்தான் வாசல்படியில் நின்றார். "என் வண்டியில கை வைக்க நீ யாரு?"

"வண்டி உங்களது. வெச்சுக்குங்க."

"அந்தத் துக்கடாவை எடுத்துட்டா ஆச்சா? கடையில கேட்டா மிட்டாய் விலைக்குத் தருவான். நாளைக்கே போடுவேன்."

அது எனக்கும் தெரியும். நகத்தளவு பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு நான் யாரைத் தடுக்கப்போகிறேன்? முஷ்டிக்குள் அது குத்தியது. கண்ணில் நீர் முட்டியது, அழுகிறேன் என்று அவர் நினைத்துவிடக்கூடாதே என்று அதற்கும் கோபம்.

அக்கா அவரைத் தாண்டி வெளியே வந்தாள். சுண்டெலியை முன்னால் நிறுத்தி முகவாயை நிமிர்த்தி, பிளாஸ்திரியை ஓரமாக உரித்தாள். கறுப்பு நூல் தையல். சுற்றிலும் வீங்கிக் கன்றியிருந்தது.

"டாக்டர்கிட்ட பாத்ரூம்னு சொன்னேன்," என்றாள் அவரிடம். "இவளையும் சொல்ல வெச்சேன். இவ என்னைவிட நல்லாச் சொன்னா. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. நீங்க ஃப்யூஸ் வாங்கிப் போடுங்க. போட்ட அன்னையிலேருந்து நாங்க ரெண்டு பேரும் பஸ்."

"தங்கச்சி தூபம் போட்டா நீ ஆடுவியா?"

"அவ போடலை. அவ வந்து சண்டை போட்ட அன்னைக்கே நான் ஆடியிருக்கணும்."

அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார். அக்கா என்னிடம் கையை நீட்டினாள். ஃப்யூஸை அவள் உள்ளங்கையில் வைத்தேன். எங்கே வைத்துக்கொள்வாள் என்று கேட்கவில்லை. அவள் மேலிருந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"அந்த மிச்சத்தையும் எடுத்துடு," என்றாள் கூரையைக் காட்டி. "அது இனிமே என் கண்ணுல படக்கூடாது."

மறுபடியும் கதவு விளிம்பில் ஏறினேன். கூரையில் ஒட்டியிருந்த பசைப்பட்டையை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. அக்கா எடுத்துக்கொடுத்த தையல் நூலைப் பசைக்கு அடியில் விட்டு அறுத்துப் பார்த்தேன், நூல்தான் அறுந்தது. சுண்டெலி கீழே நின்று என் செருப்பைத் தட்டினாள்.

"சித்தி, திரும்ப ஒட்டப்போறியா?"

"இல்ல."

"இன்னும் கெட்டியா ஒட்டு. அப்ப உடையாது."

"ஒட்டமாட்டேன்."

"அப்ப உன்கூடக் கா. பேசவே மாட்டேன்."

"விடு."

அவள் போய்ப் படியில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வெயில் கூரையில் ஏறியது. அக்கா கொண்டுவந்து வைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பசைமேல் போட்டு, ஊறவிட்டு, மறுபடி நெம்பினேன். துளித்துளியாக, எள்ளளவு எள்ளளவாகத்தான் வந்தது. நகம் கிழிந்தது. இவ்வளவு நன்றாக எதையும் நான் ஒட்டியதில்லை. அதை நினைக்க நினைக்க இன்னும் வேகமாகச் சுரண்டினேன்.