துணிப்பையின் உள்பை

பருப்புப் பாக்கெட்டைத் துணிப்பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் சின்னவள் அந்தக் காவலாளியைக் கவனித்தாள். அலமாரி வரிசையின் கோடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அரிசிப் பக்கம் போனாள், அவரும் வந்தார். மருந்துத் தட்டில் அம்மா பூசும் அதே தைல டப்பாவைக் கண்டதும் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, ஐயோ என்று திரும்ப வைத்தாள். அப்போதும் பின்னால் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அவள் சின்னவள். இந்த வெளிநாட்டு ஊருக்குப் படிக்க வந்து ஒன்பது நாள் ஆகிறது. தனியாகக் கடைக்கு வந்தது இன்றைக்குத்தான்.

வழிகாட்டியெல்லாம் அறையில் உடன் தங்கியிருக்கும் பட்டியல் அக்கா. எதற்கெடுத்தாலும் போனில் ஒரு பட்டியல் அனுப்பிவிடுகிற சீனியர். வெறும் வயிற்றோடு கடைக்குப் போகாதே, கண்டதையும் வாங்குவாய். கீழ்த்தட்டைக் குனிந்து பார், விலை குறைந்ததெல்லாம் அங்கேதான் கிடக்கும். பையைக் கையோடு கொண்டு போ, அங்கே பைக்குத் தனிக்காசு. பையைக் கொண்டு போகச் சொன்ன அக்கா, அதில் எப்போது போட வேண்டும் என்று சொல்லவில்லை. சின்னவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் பின்னால் நடந்த காய்கறிச் சந்தை. எடுத்ததைப் பையில் போட்டுக்கொண்டே போவதுதான் அங்கே வழக்கம். இங்கேயும் அப்படியே அரிசி, பருப்பு, சோப்பு, உப்பு என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

எதிரே வந்த கிழவர் கையில் சிவப்புக் கூடை இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த பெண் கையிலும் கூடை. சின்னவள் சுற்றிலும் பார்த்தாள்; பையில் போட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதான். இப்போது வெளியே எடுத்து வைத்தால் திருடி மாட்டிக்கொண்டு திருப்பி வைப்பதுபோல இருக்கும். எடுக்காவிட்டால் திருட்டேதான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்கள். திருடாதவளுக்கும் கொட்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. போலீஸ் கேஸ் ஒன்று விழுந்தாலும் விசா ரத்து, அடுத்த விமானம் என்று கல்லூரி அலுவலகத்தில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அப்பா தெரு முழுக்கச் சொல்லி, தெருவே கூடி நின்று வழியனுப்பிய பெண் அவள். அந்தத் தெருவில் இனி எந்த முகத்தோடு இறங்குவது?

போனை எடுத்தாள். அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லாத்தையும் பையில போட்டுட்டேன்."

"எந்தப் பை?"

"நம்ம பைதான். நீங்கதானே எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க."

"அடிப்பாவி! கூடையிலதான்டி போடணும். பணம் கட்டின அப்புறம்தான் பை. சரி, ஓடாத. நேரா கவுன்டருக்குப் போ. ஒண்ணு விடாம வெளிய எடுத்து வை. பில்லைப் பத்திரமா வச்சுக்கோ."

ஒன்று விடாமல்தான் வைத்தாள். பையைக் கவிழ்த்து உதறியும் காட்டினாள். கவுன்டர் பெண் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பணம் கட்டி, பில்லை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

"ஒரு நிமிஷம். பையைக் காட்டுங்க."

காவலாளி பில்லை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகப் பையின் உட்புறம் தைத்து, பட்டன் போட்டிருந்த சின்ன உள்பையைத் திறந்து கையை விட்டார். அதில் அவள் எதையும் வைத்ததில்லை. வெளியே வந்த கையில் தைல டப்பா இருந்தது.

"இது பில்லுல இல்லையே."

"சார், நான் எடுக்கல சார். அது... எங்க அம்மா வச்சிருப்பாங்க."

"அம்மாவா? எங்க அவங்க?"

"ஊர்ல சார்" என்றாள் சின்னவள். பெட்டி கட்டும்போது சந்து கிடைத்த இடத்திலெல்லாம் எதையாவது செருகிவிடுகிறவள் அம்மா. அதை இவருக்கு எப்படிச் சொல்வது? வாசல் வழியே உள்ளே வந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். கவுன்டர் பெண்கூட இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

காவலாளி மூடியைத் திருகித் திறந்தார். தைலத்தின் நெடி எழுந்தது. பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. தலைவலி வந்த நாளிலெல்லாம் ஒரே இடத்தில் வழித்து வழித்து, நடுவில் ஒரு பெரிய விரலின் பள்ளம் விழுந்திருந்தது.

அவர் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. அதை எடுக்காமல், பில்லைக் கசக்கிப் பிடித்திருந்த அவளுடைய மெலிந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். மூடியை இறுக்கி, டப்பாவை அந்த உள்பையிலேயே திரும்ப வைத்தார்.