கம்பளத்தில் ஆறாத தேநீர்

அக்காவும் தங்கையும் மட்டும் குடியிருந்த அந்த மாடி வீட்டின் கூடத்துக் கம்பளத்தில் கொட்டிய தேநீர், ஒன்பது வருடமாகக் காயவுமில்லை, ஆறவுமில்லை. கொட்டிய அன்று எப்படியோ அப்படியே, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு ஈரமாக, தொட்டால் கை பொறுக்காத சூட்டோடு, லேசாக ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. பால் திரியவில்லை. குளிர்காலக் காலைகளில் கூடத்து ஜன்னல் கண்ணாடி முழுவதும் அதனால் வேர்த்துப்போகும். பக்கத்து வீட்டுப் பூனை வந்து கறைக்கு ஒரு முழம் தள்ளிச் சுருண்டு படுத்துக் குளிர் காய்ந்துவிட்டுப் போகும். எறும்புகள் வரிசையாக வந்து, சூடு தாங்காமல் கறையைச் சுற்றி வளையம் கட்டி நின்றுவிட்டுத் திரும்பும். மின்சாரக் கசிவாக இருக்கலாம் என்று ஒருவர் வந்து தரையைத் தட்டிப் பார்த்தார், கீழ்வீட்டுக்காரர் தன் அடுப்பை அணைத்துப் பார்த்தார். இரண்டும் இல்லை என்றான பிறகு தெருவில் அதைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது, இருக்கிற வேலையை விட்டுவிட்டு யார் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்?

கம்பளம் அவர்களுடைய அம்மா விட்டுப்போனது. கனத்த கம்பளி, அடர்ந்த சிவப்பு, ஓரத்தில் நீலக் கொடி. அந்த அம்மாளிடம் நகை இருக்கவில்லை, நிலம் இருக்கவில்லை, நல்ல வார்த்தையும் அதிகம் இருக்கவில்லை. இருந்த ஒரே உருப்படியை இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அதோடு ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள் ஒரு செட். அந்தக் கோப்பையில்தான் அக்கா காலையும் மாலையும் தேநீர் குடிப்பாள், அடியில் சர்க்கரை கரையாமல் தங்கும் அளவுக்குப் போட்டு. சின்னவள் சர்க்கரையே சேர்க்க மாட்டாள். "கஷாயத்தைக் குடிக்கறதுக்கு ஒரு கப்பு வேற" என்று அக்கா முகத்தைச் சுளிப்பாள். அந்த வீட்டில் ஒருத்தி செய்வது இன்னொருத்திக்குப் பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது.

சின்னவளுக்கு எழுத்து அழகு. கடைப் பலகைகளுக்கு அவள் போட்ட எழுத்தைப் பார்த்துத் தூர நகரத்து அச்சகம் ஒன்று வேலைக்குக் கூப்பிட்டது. திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும், தவறினால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, அவள் கம்பளத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு வார் கட்டிக்கொண்டிருந்தபோது கொதிக்கக் கொதிக்கத் தேநீர் அவள் வலது காலில் விழுந்தது, மிச்சம் கம்பளத்தில் விழுந்தது. கோப்பை உடைந்தது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு துடித்துவிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பையை அக்கா எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். "உன் கப்பை நீயே முழங்கையால தட்டிவிட்டுட்டே" என்றாள். சின்னவள் நம்பவில்லை. காலில் கொப்புளம் எழும்பி, செருப்பு போட முடியாமல் அவள் வீட்டில் கிடந்த நாட்களில் அச்சகம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. கால் ஆறிய பிறகு அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு காகிதக் கடையில் நோட்டுப் புத்தகம் விற்கப் போனாள். இன்னமும் அங்கேதான் விற்கிறாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "நான்தான் கொட்டினேன்" என்று அக்கா வாயால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போன வேலை திரும்பி வராது என்று தெரியாத அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. ஆனாலும் கேட்க வேண்டும். அக்காவோ ஒவ்வொரு முறையும் முழங்கை, முழங்கை என்றே சாதித்தாள். பிறகு பேச்சே நின்றது. வாக்குவம் கிளீனரைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்கா ஜன்னல் பக்கத்துப் பாதியை வாசலை நோக்கி இழுப்பாள், தங்கை வாசல் பக்கத்துப் பாதியை ஜன்னலை நோக்கி இழுப்பாள். கம்பளத்தின் மயிர் இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சாய்ந்து, ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரிந்தது. நடுவில் எல்லைக்கோடு போட்டது போல, கோட்டின் மேல் அந்தக் கறை.

கறையைப் போக்க அக்கா பாடுபட்டாள். போகவிடாமல் தங்கை பாடுபட்டாள், அது அவளுக்குச் சாட்சி. அக்கா உப்பைக் கொட்டினாள், சமையல் சோடாவைக் கொட்டினாள், முகப் பவுடரைக்கூடக் கொட்டினாள். வெளுக்கும் மருந்தை ஊற்றியதில் ஓரத்துக் கொடியில் இரண்டு இலை வெள்ளையாகப் போனதுதான் மிச்சம். பாத்திரம் கழுவும் சோப்பைக் குழைத்துப் பூசித் தேய்த்துவிட்டு, சரியாக அலசாமல் விட்டாள். அலசாத சோப்பு, தெருவில் போகிற அழுக்கையெல்லாம் வா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். கறையைச் சுற்றிப் பிசுபிசுவென்று ஒரு கருப்பு விளிம்பு கட்டியது. கம்பளத்தைத் தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் அவள் கேட்டிருக்கப்போகிறாளா?

ஆட்களையும் வரவழைத்தாள். முதலில் வந்தவன் வாயாடி. ஒரு வாளி, ஒரு பிரஷ், அவ்வளவுதான் அவன் தொழில். "அரை மணி நேரத்துல கறை இருந்த இடமே தெரியாது பாருங்க" என்றான். அவன் போன பிறகு கம்பளி குஞ்சம் குஞ்சமாக எழுந்து நின்றது, தேநீர் அதன் நடுவே நிம்மதியாக ஆவி விட்டது. இரண்டாவது ஆள் உறிஞ்சும் இயந்திரத்தோடு வந்தான். இயந்திரம் நன்றாகத்தான் உறிஞ்சியது, தொட்டி நிறைய நிறையப் பால் தேநீர். அவன் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வருவான், மறுபடி நிறையும். சாயங்காலம் தெரு முழுக்கத் தேநீர்க்கடை வாசம் அடித்தது. அவன் யார் முகத்தையும் பார்க்காமல் குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். தங்கை ஜன்னலில் நின்று அவன் போவதைக் கண் குளிரப் பார்த்தாள்.

ஒன்பதாம் வருடம் அக்கா ஒரு செய்தி சொன்னாள், தங்கையிடம் இல்லை, சுவரைப் பார்த்து. மனைவியை இழந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார், நானும் சரி என்றுவிட்டேன், ஊரை விட்டே போகிறோம், இன்னொரு ஆளை வைத்துக் கறையைப் போக்கிக் கம்பளத்தையும் கொண்டுபோவேன். சின்னவளுக்கு வயிறு எரிந்தது. தன் காலைச் சுட்டு இந்த வீட்டில் உட்கார வைத்தவள், சாட்சியையும் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறாள். "ஆளை நான்தான் பார்ப்பேன்" என்று அவளும் சுவரிடமே சொன்னாள். எதையும் செய்து முடிக்காத ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவது அவள் திட்டம். கடைத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தாள். எந்தக் கறையும் போகும் என்று பார்க்காமலே சத்தியம் செய்தவர்களை ஒதுக்கினாள், சுறுசுறுப்பானவர்களாகத் தெரிந்தார்கள். ஒரு பெண் மட்டும், "நேர்ல பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன், போகும்னும் சொல்ல மாட்டேன், போகாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்று சிடுசிடுத்தாள். இவள்தான் உதவாக்கரை என்று முடிவு செய்து சின்னவள் அவளை வரச் சொன்னாள். நல்ல ஆளைத் தேடுகிறவர்கள்கூட அவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

கம்பளக்காரி வந்ததும் ஆவியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கம்பளத்தின் மூலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு மண்டியிட்டுக் கறையில் விரலை வைத்து எடுத்தாள். "சூடா இருக்கறது நல்லதுதான்" என்றாள். "இதுக்கு மேல என்னென்ன போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க." அக்கா வாசற்படியில் நின்று ஒப்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் கம்பளக்காரி 'ச்சு' கொட்டினாள். "கறையை விட நீங்கதான் இதை அதிகமா பாழாக்கியிருக்கீங்க."

மத்தியானம் வரை அவள் பழைய சோப்பைத்தான் எடுத்தாள். வினிகர் கலந்த தண்ணீரைத் தெளிப்பதும், இயந்திரத்தால் உறிஞ்சுவதும், வெள்ளைத் துண்டால் ஒற்றுவதும், மறுபடி தெளிப்பதுமாக. கருப்பு விளிம்பு கரைந்து போனது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வெறும் தேநீர் மட்டும் அங்கே நின்றது. அவள் மறுபடி விரலை வைத்து, கட்டைவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பார்த்தாள்.

"சோப்பு போயிடுச்சு, இன்னும் பிசுபிசுங்குது. டீல சக்கரை போட்டிருந்தீங்களா?"

"ரெண்டு ஸ்பூன், நல்லா குவிச்சு" என்றாள் அக்கா, சமையல் விஷயம் கேட்டால் பதில் சொல்லும் சுருக்கோடு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

ஜன்னலோரம் நின்ற சின்னவள் திரும்பினாள். ஒன்பது வருடமாக அந்த எறும்புகள் வரிசை கட்டி வந்து கண்ணெதிரே சாட்சி சொல்லியிருக்கின்றன, அவள் துடைப்பத்தை எடுத்து விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "என் டீல நீ எப்பக்கா சக்கரை போட்டே?" என்றாள். "அது உன் கப்பு. உன் கையில இருந்த கப்பு."

"ஆமா. என் கையிலதான் இருந்தது."

"தவறி விழுந்துச்சா?"

"இல்ல, ஊத்தினேன்" என்றாள் அக்கா. குரலில் வருத்தம் கடுகளவும் இல்லை. "ஊத்தினா நீ போக மாட்டேன்னு ஊத்தினேன். நீ போகல. இப்ப அதுக்கு என்ன பண்ணணும்கறே?"

"சண்டையெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க" என்றாள் கம்பளக்காரி. "சக்கரையைச் சூட்டோட சூடா கரைக்கணும், நகருங்க."

சாயங்காலத்துக்குள் கறை போய்விட்டது. அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே குளிர்ந்து கிடந்தது. முழுக்கக் காயும் வரை மிதிக்க வேண்டாம், சாமான் வைக்க வேண்டாம், வாக்குவத்தை இரண்டு திசையிலும் மெதுவாக இழுக்க வேண்டும், எது கொட்டினாலும் தேய்க்காமல் உடனே ஒற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கம்பளம் முழுவதையும் ஒரே பக்கமாகச் சீவிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரே சிவப்பு. உண்மை வெளியே வந்ததால்தான் தேநீர் ஆறியது என்று தெருவில் பெரிதாகப் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்ட சின்னவளுக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. வெறுப்பு இம்மியளவும் குறையவில்லை, இன்னும் திடமாகத்தான் உட்கார்ந்திருந்தது. அக்கா கிளம்பும் நாளும் வந்தது. கீழே கண்ணாடிக்கடைக்காரர் வண்டியோடு நின்றார். பெட்டிகள் இறங்கிவிட்டன, கம்பளத்தைச் சுருட்டுவது ஒன்றுதான் பாக்கி. அக்கா அதன் மேல் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது காலை மாட்டிவிட்டாள், இடது கால் வெறுங்காலாக இருந்தது. சின்னவள் சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள். நாளையிலிருந்து கூடத்தில் வெறும் தரை இருக்கும். வாக்குவத்தை எந்தத் திசையில் வேண்டுமானாலும் இழுக்கலாம். அக்கா போய்விட்டால் இனி யாரோடு பேசாமல் இருப்பது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய அதே நொடியில், ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் கோப்பையோடு நின்றவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதும் புரிந்தது. புரிந்ததற்காக அக்காமேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. கொதிக்கிற தேநீரை அந்த வெறுங்காலில் சாய்த்தாள், மிச்சம் கம்பளத்தில் விழுந்தது.

அக்கா அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் கப்பு?"

"என்னோடது. வேணும்னுதான் ஊத்தினேன்."

"சரி" என்றாள் அக்கா.

கண்ணாடிக்கடைக்காரர் வெகு நேரம் ஹாரன் அடித்தார். பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டுப் போனார். கொப்புளம் ஆறும் வரை இரண்டு மூன்று முறை பழம் வாங்கிக்கொண்டு வந்தார், சகோதரிகள் இருவரும் அவர் முன்னால் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைக் கேட்டார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். ஊரை விட்டு அவர் மட்டும் போனார். அக்காவும் தங்கையும் அதே வீட்டில், அதே கம்பளத்தோடு இருக்கிறார்கள். இப்போது பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் வசவு. வருடத்துக்கு ஒரு முறை கம்பளக்காரி வந்து, தட்டின் அகலத்துக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் சுத்தம் செய்துவிட்டுப் போகிறாள். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடி பழையபடி வேர்க்கிறது, பூனையும் வந்து படுக்கிறது. எறும்பு மட்டும் வருவதில்லை, இந்தத் தேநீரில் சர்க்கரை இல்லை.